சொல்லில் தொலைந்த வேலை

"மொழிக் கோட்பாடு வந்துதான் சமூக வரலாறு கெட்டது, பசியை எழுத வேண்டியவர்கள் சொல்லைப் பிடித்துத் தொங்குகிறார்கள்." கருத்தரங்குகளில் ஆண் பேராசிரியர்கள் இப்படி அலுத்துக்கொள்வதை இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: பசித்தவர் யார் என்று எந்தச் சொல்லை வைத்து எண்ணினீர்கள்?

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 1851இல் மனைவி, தாய் என்று வீட்டுவேலை செய்தவர்களுக்கு அதில் தனி வகுப்பே இருந்தது. 1881இல் அவர்கள் 'தொழில் இல்லாதோர்' பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் யாரும் அடுப்பை அணைத்துவிடவில்லை. மாறியது பட்டியலின் பெயர். அந்த ஏட்டை அப்படியே நம்பி எழுதினால் வரலாற்றிலும் அவர்கள் வேலையற்றவர்கள்தாம்.

இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கம் உருவானதைப் பற்றி 1963இல் இ. பி. தாம்சன் எழுதிய நூல் உழைப்பவரின் அனுபவத்தை வரலாறாக்கியது. அந்தத் 'தொழிலாளி' ஏன் கேள்வியே இல்லாமல் ஆணாக இருக்கிறான் என்று 1988இல் ஜோன் ஸ்காட் தன் நூலில் கேட்டார். சொல்லைப் பிடித்துத் தொங்கியதால் பிறந்த கேள்வி அது.

எல்லாமே பனுவல் என்று சொல்லிவிட்டு, வெந்த கையைப் பார்க்க மறுப்பவர்களோடும் எனக்கு ஒட்டில்லை. எது வேலை என்ற வகைப்பாடு கூலியைத் தொடுகிறது. கூலி சோற்றைத் தொடுகிறது. சொல்லிலிருந்து வயிற்றுக்குப் போகும் அந்த வழியைக் காட்டாத ஆய்வு பாதியில் நின்ற ஆய்வு.

மாணவிகளே, ஆவணத்தைத் திறக்கும்போது அந்தப் பட்டியலுக்குப் பெயர் வைத்தது யார் என்று கேளுங்கள். அதனால் யார் தட்டில் சோறு குறைந்தது என்றும் கேளுங்கள்.