வலியைத் தொழுவோரும் வலியைத் துடைப்போரும்

நீண்ட நேரம் பச்சை குத்திக்கொள்ளப் போகிறவருக்கு இன்று இரண்டு தரப்பிலிருந்து உபதேசம் கிடைக்கிறது. ஒரு தரப்பு வலியைத் தொழுகிறது. வெறும் வயிற்றோடும் உறங்காத கண்களோடும் ஊசியின் முன் கிடப்பதே அனுபவத்தின் தூய்மை என்கிறது. முன்னேற்பாடு என்ற சொல்லே அதற்குக் கோழைத்தனமாகப் படுகிறது. மறு தரப்போ, வலி என்பதே பழங்காலத்து மூடத்தனம், அதைக் களிம்பு பூசித் துடைத்துவிடலாம் என்கிறது. ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றும் இவ்விரு தரப்பும் ஒரே அலட்சியத்தில் வேர்கொண்டவை என்பதே என் வாதம். உடல் என்ற ஒன்று இருக்கிறது, அதற்கென்று சில கணக்குகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள இரண்டுக்குமே மனமில்லை.

முதலில் தொழுவோரிடம் வருவோம். இவர்கள் அடிக்கடி சான்றுக்கு அழைப்பது பசிபிக் தீவுகளை, குறிப்பாகச் சமோவாவை. அழைக்கட்டும். ஆனால் முழுதாக அழைக்க வேண்டும். சமோவ ஆண்களின் ‘பெஆ’ இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடலை மூடுவது. எலும்பிலோ பன்றித் தந்தத்திலோ செய்த சீப்பு போன்ற கருவியைச் சிறு கட்டையால் தட்டித் தட்டிக் குத்துவது. பல நாட்கள் நீள்வது. வலியின் அளவில் இதை விஞ்சும் மரபுகள் குறைவு. ஆனால் அங்கே எவரும் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்வதில்லை. குத்தும் ஆசானாகிய ‘துஃபுங்கா’வின் இருபுறமும் தோலை இழுத்துப் பிடிக்கவும் குருதியைத் துடைக்கவும் உதவியாளர்கள் அமர்ந்திருப்பார்கள். உறவினர் சூழ்ந்திருப்பார்கள். வலியைப் பகிர்ந்துகொள்ள ஒரு துணையையும் சேர்த்து, இருவராகக் குத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. பாதியில் எழுந்து போனவனின் அரைகுறைப் பச்சை அவனுக்கும் குடும்பத்துக்கும் தீராத அவமானம். அவ்வளவு பெரிய பணயம் இருப்பதனால்தான் ஏற்பாடும் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. வலியை மெய்யாகவே மதித்த ஒரு சமூகம் அதற்காக ஆள் திரட்டியது, நாள் ஒதுக்கியது, உணவு சமைத்தது. நம் அன்பர்களோ அந்தச் சமூகத்திடமிருந்து வலியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

பட்டினியின் கதையும் இதுவே. மணிக்கணக்கில் ஊசி தோலின் உள்ளடுக்கைத் துளைத்துக்கொண்டிருக்கையில் உடல் அதை ஒரு காயமாகவே எடுத்துக்கொள்கிறது. முதலில் சுரக்கும் ஊக்கநீர்கள் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும், பிறகு தளரும். உண்ணாதவருக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்துக் கண் இருண்டு மயக்கம் வரக்கூடும். அதில் ஆன்மிகம் ஏதுமில்லை. துணிவுக்கென்று முந்தைய இரவு மது அருந்துவதும் அப்படித்தான். அது உறக்கத்தைக் கெடுக்கிறது, உடலின் நீரை வற்றச் செய்கிறது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. கசியும் குருதி குத்துபவரின் பார்வையை மறைக்கும். அசையும் உடலில் நேர்க்கோடு விழாது. ஆக, தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளாமல் வருகிறவர் தன் உடலோடு இன்னொருவரின் உழைப்பையும் சேர்த்தே வீணாக்குகிறார்.

இனித் துடைப்போர். லிடோகெய்ன் கலந்த களிம்பு உரிய அளவில் பயனுள்ள மருந்துதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதுகு முழுவதும், தொடை முழுவதும் பூசி, மேலே நெகிழித் தாளைச் சுற்றிவிட்டால் அந்த மருந்து தோலோடு நிற்பதில்லை, குருதியில் கலக்கிறது. 2007இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கையில் 22, 25 வயதுடைய இரு பெண்களின் மரணம் குறிப்பிடப்பட்டது. லேசரால் முடி நீக்கிக்கொள்வதற்காகக் கால்களில் இப்படிப் பூசிச் சுற்றிக்கொண்டவர்கள் அவர்கள். வலிப்பு வந்து, நினைவிழந்து இறந்தார்கள். 2024 மார்ச்சில் அதே நிர்வாகம், பச்சை குத்துவதற்கென்றே விற்கப்பட்ட மிகைச்செறிவுக் களிம்புகளைப் பற்றி மீண்டும் எச்சரித்தது. மருத்துவர் சீட்டின்றித் தோலில் பூச விற்கப்படும் களிம்பில் லிடோகெய்ன் 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. களிம்பும் போதாது என்று முழு மயக்க மருந்துக்குப் போனவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் பிரேசிலில், முதுகில் பச்சை குத்திக்கொள்வதற்காக மருத்துவமனையில் மயக்க மருந்து பெற்ற ஒருவர் இதயம் நின்று இறந்தார்.

‘வலி வேண்டாம் என்று விரும்புவது குற்றமா?’ என்று கேட்பார்கள். குற்றமில்லை. ஆனால் இங்கே வலிக்கு ஒரு வேலை இருக்கிறது. ‘போதும், இன்று நிறுத்து’ என்று சொல்லும் வாய் அது. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் அந்த வாயை அடைக்கத் தூண்டுகிறது. ஜப்பானிய மரபில் உடல் நிறையக் குத்திக்கொள்கிறவர்கள் ஆண்டுக்கணக்கில் தவணை தவணையாகப் போய் வருகிறார்கள். எட்டு மணி நேரத்தை நான்கும் நான்குமாகப் பிரித்தால் பாதிக் களிம்புக்குத் தேவையிருக்காது.

எனவே நான் கேட்பது மிகச் சாதாரணமானது. முந்தைய இரவு நன்றாக உறங்குங்கள். வயிறார உண்டு செல்லுங்கள், இடையில் கொறிக்க ஏதேனும் கொண்டுபோங்கள், தண்ணீர் குடியுங்கள். மதுவைத் தவிருங்கள். சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தால் குத்துபவரிடம் மறைக்காதீர்கள். மருத்துவர் தந்த இரத்தம் உறையாமைக்கான மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், அவரைக் கேளுங்கள். களிம்பு வேண்டுமென்றால் அதன் அளவையும் அவரிடமே கேளுங்கள். உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இவற்றில் கவித்துவம் இல்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். சாகும்வரை சுமக்கப்போகும் ஒன்றுக்காக ஒருவேளைச் சோறும் ஓரிரவுத் தூக்கமும் ஒதுக்க முடியாதவர், அதன் புனிதத்தைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.