சாதி பார்க்காத மரபணு, சாதி பார்க்கும் மருத்துவம்

“ஆண்ட பரம்பரை ரத்தம்” என்று மீசை முறுக்குகிறவர்களை ஒரு கேள்வி கேட்போம் தோழர்களே. அந்த ரத்தத்தில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றனவா என்று எப்போதாவது பார்த்தார்களா?

இதயத் தசைக்கான ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணு எம்ஒய்பிபிசி3. அதில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை இருக்கிறது. 2009இல் ஐதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ் உள்ளிட்ட குழு ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதியது. இந்தியர்களில் நூற்றுக்கு 4 பேரிடம் அது இருக்கிறது. இருந்தாலே நோய் வந்துவிடும் என்பதில்லை, ஆனால் இதயத் தசை நோய்க்கான ஆபத்து கூடுகிறது. பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகே அது தெரியவரும். இந்தப் பிழையின் வயது ஏறக்குறைய 30,000 ஆண்டுகள். சாதிக்கு அவ்வளவு வயதில்லை. ஊர், சேரி என்று அது பார்ப்பதும் இல்லை.

பார்ப்பது யார்? சமூகப் பணிக்காக நாங்கள் போகும் குடியிருப்புகளில், கல் உடைத்துக்கொண்டிருந்தவர் சுருண்டு விழுந்து செத்தால் “குடிச்சே செத்தான்” என்று கதையை முடித்துவிடுகிறார்கள். அவர் அப்பாவும் அண்ணனும் அதே வயதில் அப்படித்தான் போனார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. பணமுள்ள வீட்டில் அதே சாவு நடந்தால் மறுவாரமே பிள்ளைகளுக்கு எக்கோ எடுத்துவிடுகிறார்கள். நமக்கு விதி, அவர்களுக்குப் பரிசோதனை!

ஆய்வாளர்கள் சாதி, பழங்குடி என்று பெயர் எழுதி ரத்தம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அறிவியல் நமக்கு எதிரியல்ல. ஆனால் ரத்தம் கொடுத்த தெருவுக்கு என்ன திரும்பி வந்தது?

நம்மையும் விட்டுவிட வேண்டாம். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சொன்னார். மாமன் மகளைக் கட்டும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிழை பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. சாதிமறுப்புத் திருமணம் கொள்கை மட்டுமல்ல, உடல்நலமும்கூட.

நம் கோரிக்கை எளியது. இளவயதில் திடீரென இறந்தவரின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவமனையில் இலவசமாக ஈசிஜி, எக்கோ எடுக்க வேண்டும். ஒப்புதல் படிவம் படித்தால் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். முடிவு ரத்தம் கொடுத்தவர் கைக்கு வந்து சேர வேண்டும்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது, மாலையோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோங்கள்: “இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் யார் இப்படிப் போனார்கள்?”