தெரிவது வேறு, பதிவது வேறு

திருச்சியில் அக்கா வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டர் ஒரு விடியற்காலையில் காணாமல் போனது. நான்கு கேமரா இருக்கிறதே என்ற தைரியத்தில் எல்லோரும் டிவி முன்னால் போய் உட்கார்ந்தோம். வாசல், கொல்லைப்புறம், மாடிப்படி, கார் நிறுத்தும் இடம் எல்லாம் நேரடிக் காட்சியில் பளிச்சென்று தெரிந்தன. முந்தைய இரவைத் தேடினால் ஒன்றும் இல்லை. முந்தைய வாரமும் இல்லை. கடைசியாகப் பதிவான காட்சி ஏழு வாரத்துக்கு முந்தையது. "நேத்து ராத்திரிகூட எல்லாம் தெரிஞ்சுதேடா" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். தெரிந்தது உண்மைதான். பதிவுப் பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க் ஏழு வாரமாக எழுதுவதை நிறுத்தியிருந்தது. பெட்டியைத் திறந்தபோது, பொருத்தியவர் ஏதோ மேசைக் கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கை அதில் போட்டிருந்தது தெரிந்தது.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு பதிவுக் கணினியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இப்போது உறவிலும் தெருவிலும் யாராவது கேமரா வைத்தால் என்னைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்வி: "எந்த பிராசசர் வாங்கலாம்? கிராபிக்ஸ் கார்டு வேணுமா?" கடைக்காரரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். விலை அதிகமான பாகம் அதுதான் என்பதால் அதுவே முக்கியமான பாகம் என்று நமக்கும் தோன்றுகிறது. கேமராப் பதிவைப் பொறுத்தவரை அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஏன் என்று புரிய, கேமராவிலிருந்து கணினிக்கு என்ன வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு வயரிங்கில் கணினியோடு இணையும் இன்றைய கேமரா ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. படம் பிடிப்பதும் அந்தப் படத்தைச் சுருக்குவதும் அதன் வேலை. சுருக்கும் முறைகளில் எச்.264 என்பது 2003இல் வந்தது, எச்.265 பத்தாண்டு கழித்து 2013இல் வந்தது. பின்னது ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி அளவில் தந்துவிடும். ஆக, கேமராவை விட்டு வெளியே வரும்போதே காட்சி மூட்டை கட்டப்பட்டுத்தான் வருகிறது. அந்த மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே டிஸ்க்கில் இறக்கி வைப்பதுதான் பதிவு. இதற்குப் பிராசசர் வியர்க்க வேண்டியதே இல்லை. பத்து வருடப் பழைய கணினிகூட நான்கு கேமராவைச் சிரமமின்றிப் பதிவு செய்யும்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் பாரம் ஏறுகிறது. நாம் திரையில் பார்ப்பதற்கும், ஏதாவது அசைகிறதா, ஆள் வருகிறாரா என்று மென்பொருள் பார்ப்பதற்கும் மூட்டையைப் பிரித்தாக வேண்டும். 2560க்கு 1440 அளவில், நொடிக்கு 25 படம் அனுப்பும் ஒரு கேமரா என்றால் நொடிக்கு ஒன்பது கோடிப் புள்ளிகளுக்கு மேல் ஆகிறது. நான்கு கேமராவையும் இப்படிப் பிரித்துக்கொண்டே இருக்கச் சொன்னால் பழைய கணினியின் மின்விசிறி இரைய ஆரம்பிக்கும். "நல்ல பிராசசர் வாங்கியும் திணறுது" என்று சொல்பவர்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இதற்குத் தீர்வு கேமராவிலேயே இருக்கிறது. அநேகமாக எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் இரண்டு காட்சிகளை அனுப்பும்: பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பெரியதைப் பிரிக்காமல் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, அசைவைக் கவனிக்கச் சிறியதை மட்டும் பயன்படுத்தலாம். 640க்கு 360 அளவில், நொடிக்கு ஐந்து படம் போதும். புள்ளிக் கணக்கில் இது பெரிய காட்சியின் எண்பதில் ஒரு பங்கு. மென்பொருளில் இந்த ஒரு அமைப்பைச் சரியாகச் செய்துவிட்டால், இருபதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் பிராசசர் தேவைப்படாது.

அப்படியானால் எந்தக் கணினி? இன்டெல் பிராசசர்களில் 2011 முதலே காட்சியைப் பிரிப்பதற்கென்று குயிக் சிங்க் என்ற தனிப் பகுதி உண்டு. எச்.265 காட்சியையும் அது முழுதாகக் கையாளத் தொடங்கியது 2015இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்து. எனவே அந்தத் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ பெரும்பாலும் நான்கைந்து கேமராவுக்குப் போதும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், 8 ஜிபி ரேம் போதும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அலுவலகங்கள் கழித்துப்போட்ட சிறிய மேசைக் கணினிகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. அலுவலகத்துக்கு உதவாத அந்தக் கணினி லினக்ஸ் போட்டால் கேமரா வேலைக்கு இன்னும் பல வருடம் உழைக்கும். புதிதாகவே வேண்டும் என்றால் இன்டெல் என்100 பிராசசர் உள்ள மினி கணினி நல்ல தேர்வு. அதில் ஒரு சிக்கல் உண்டு: உள்ளங்கை அளவுள்ள அந்தப் பெட்டிகளில் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கு இடம் இருக்காது. யூஎஸ்பி வழியே வெளியே தொங்கவிடும் டிஸ்க்கை இருபத்து நான்கு மணி நேரப் பதிவுக்கு நான் நம்புவதில்லை. கேபிள் லேசாக அசைந்தால்கூடப் பதிவு நின்றுவிடும். டிஸ்க்கை உள்ளேயே வைத்து மூடக்கூடிய, சற்றே பெரிய பெட்டிதான் என் பரிந்துரை.

மென்பொருள் வெறும் அசைவைக் கவனித்தால் வேப்பங்கிளை ஆடினாலும் கைபேசிக்குச் செய்தி வரும், கண்ணாடிமேல் சிலந்தி வலை பின்னினாலும் வரும். இரவு இரண்டு மணிக்கு நான்கு முறை எழுப்பிவிட்டால் மூன்றாம் நாள் யாரும் அந்தச் செய்தியைப் பார்க்க மாட்டார்கள். அசைந்தது மனிதரா, வண்டியா, நாயா என்று பிரித்தறியும் ஃப்ரிகேட் போன்ற இலவச மென்பொருள்கள் இங்கேதான் உதவுகின்றன. இந்த வேலைக்காகக் கூகுள் வெளியிட்ட கோரல் என்ற சிறு கருவியை முன்பெல்லாம் தேடித் தேடி வாங்கினார்கள். இப்போது இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியே ஓபன்வினோ என்ற மென்பொருளின் துணையோடு அதைச் செய்துவிடுகிறது.

இனி டிஸ்க். பணம் போக வேண்டிய இடம் இதுதான், கொஞ்சம் கணக்கும் தேவை. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1.8 ஜிபி, நாளுக்கு 43 ஜிபி. நான்கு கேமரா என்றால் நாளுக்கு ஏறத்தாழ 173 ஜிபி. 4 டெராபைட் டிஸ்க் 23 நாளில் நிரம்பி, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தாராளம். ஊருக்குப் போனால் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்புவோம் என்றால் 6 அல்லது 8 டெராபைட் வாங்கலாம்.

அக்கா வீட்டு டிஸ்க் ஏன் படுத்தது என்பதையும் இந்தக் கணக்கே சொல்கிறது. நாளுக்கு 173 ஜிபி என்றால் வருடத்துக்கு 63 டெராபைட். சாதாரண மேசைக் கணினி டிஸ்க்குகளில் பல, வருடத்துக்கு 55 டெராபைட் போக்குவரத்துக்கென்று மதிப்பிடப்பட்டவை. அதுவும் இரவில் அணைத்துவைக்கப்படும் கணினியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கண்காணிப்புக்கென்றே வரும் டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் வகை டிஸ்க்குகளின் மதிப்பீடு வருடத்துக்கு 180 டெராபைட். விலை வித்தியாசம் பெரிதல்ல. பழைய டிஸ்க்கை இதற்குப் போடலாமா என்று கேட்பவர்களிடம் நான் ஒருபோதும் சரி என்று சொல்வதில்லை. பிராசசர் பழசாக இருக்கலாம், ரேம் பழசாக இருக்கலாம், டிஸ்க் மட்டும் புதிதாக இருக்க வேண்டும்.

எஸ்எஸ்டி வேகமானதாயிற்றே, அதிலேயே பதியலாமே என்ற யோசனையும் வரும். வேகம் இங்கே தேவையே இல்லை. நான்கு கேமராவும் சேர்ந்து நொடிக்கு 2 மெகாபைட்தான் எழுதுகின்றன. 1 டெராபைட் எஸ்எஸ்டியில் ஆறு நாள் பதிவுகூட அடங்காது. மலிவான சில எஸ்எஸ்டிகள் மொத்தம் 200 டெராபைட் அளவுக்கு எழுதத்தான் உத்தரவாதம் தருகின்றன. நம் கணக்குப்படி மூன்று வருடத்தில் அது தீர்ந்துவிடும். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு அதில் இயங்குதளமும் மென்பொருளும் இருக்கட்டும். காட்சிகள் ஹார்டு டிஸ்க்குக்குப் போகட்டும்.

கணினி வைப்பதில் எனக்குப் பிடித்த நன்மை ஒன்று உண்டு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும்; அந்தக் குறிப்பைத் தினமும் படித்து, கெட்ட பகுதிகள் பெருகினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும்படி அமைத்துவிடலாம். எழுதுவது நின்றாலும் செய்தி வரும். அந்த ஏழு வாரம் அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

மின்சாரத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் பேசுவதில்லை. இரண்டு மாதம் கழித்து மின் அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். விளையாட்டுக்கென்று வாங்கிய பெரிய கணினி சும்மா ஓடினாலே 60 வாட் இழுக்கும். அறுபது நாளுக்கு அது 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பங்கை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும். 12 வாட்டில் ஓடும் சிறிய கணினி என்றால் அதே காலத்துக்கு 17 யூனிட்தான். குறைந்த வாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: மின்வெட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி அதிக நேரம் தாங்கும். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், எக்கோ என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். எக்கோவில் இருந்தால் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் கணினி அணைந்து எழும். அதை யூபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். கணினியின் பயாஸ் அமைப்பிலும் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கச் சொல்லிவிட வேண்டும். பழைய அலுவலகக் கணினிகள் பெரும்பாலும் யாராவது பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும்படிதான் வரும். வீட்டில் ஆளில்லாத நாளில் யார் அழுத்துவது?

கேபிளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கேமராவுக்கு மின்சாரமும் காட்சியும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும் பி.ஓ.இ. முறை வீட்டுக்கு மிக வசதி. 2003இல் வந்த தரப்படி நெட்வொர்க் ஸ்விட்ச் ஒரு கேமராவுக்கு 15.4 வாட் வரை அனுப்பலாம். கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, அலுமினியக் கம்பிக்குமேல் தாமிரம் பூசியவை. பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்து மின்தேவை ஏறும்போது மட்டும் அணைந்து அணைந்து எழுந்தால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சுத்தத் தாமிரக் கேபிளா என்று கேட்டு வாங்குவது நல்லது. சுவருக்குள் போனபின் மாற்றுவது பெரும்பாடு.

பெட்டியை எங்கே வைப்பது? திருட்டுச் செய்திகளில் அடிக்கடி ஒரு வரி வருகிறது: கேமராப் பதிவுப் பெட்டியையும் தூக்கிச் சென்றுவிட்டார்கள் என்று. டிவிக்குக் கீழே வைத்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பரண்மேல் மறைக்கலாம் என்றால் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் அடுப்பாகிவிடும். டிஸ்க்குக்கு வெப்பம் ஆகாது. காற்றோட்டமுள்ள உள் அறை அலமாரி பரவாயில்லை. முக்கியமான சில நிமிடத் துண்டுகள் மட்டும் உடனுக்குடன் இணையம் வழியே வேறொரு இடத்துக்குப் போய்ச் சேரும்படி செய்துவிட்டால், பெட்டியே போனாலும் ஆதாரம் மிஞ்சும்.

ரவுட்டரில் வழி திறந்து கேமராவை இணையத்தில் நேரடியாக விடும் பழக்கம் ஆபத்தானது. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கூட்டம் கூட்டமாகக் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டே அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கினார்கள். கேமராக்கள் கணினியோடு மட்டும் பேசட்டும்; வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் வழியே கணினியை எட்டிப் பாருங்கள். இணையத்தைத் துண்டித்த கேமராவின் கடிகாரம் மெல்லப் பிசகும் என்பதால், நேரம் சொல்லும் பொறுப்பையும் கணினிக்கே கொடுத்துவிட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் தேவை. நேரம் தவறிய காட்சி அங்கே வீண் கேள்விகளை வரவழைக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு மலைத்துப்போக வேண்டாம். ஒரே நிறுவனத்தின் நான்கு கேமரா, பார்த்துக்கொள்ள வீட்டில் ஆர்வமுள்ளவர் யாருமில்லை என்றால், கடையில் கிடைக்கும் என்விஆர் என்ற பதிவுப் பெட்டியே போதும். அதிலும் டிஸ்க், கேபிள், இன்வெர்ட்டர், கடவுச்சொல் என்ற இதே விஷயங்கள்தான். கணினி யாருக்கு என்றால், வெவ்வேறு நிறுவனக் கேமராக்களைச் சேர்த்து ஓட்டுபவருக்கு, ஆளைப் பிரித்தறிந்து செய்தி வர வேண்டும் என்பவருக்கு, தன் வீட்டுக் காட்சி தன் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு.

எதை வாங்கினாலும், பொருத்தியவர் கிளம்புமுன் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் போட்டுவிட்டு, யாரும் கணினியைத் தொடாமல் இன்னும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு வாசலுக்குப் போய் கேமரா முன் ஒருமுறை நடந்துவிட்டு வந்து, பதிவைத் திறந்து அந்த நிமிடத்தைத் தேடுங்கள். அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்ததும், தான் கோலம் போட்டதைப் பதிவில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் பால் வைக்கிறாள்.