கோப்பு நம்முடையது, சாவி யாரிடம்?

"இலவசச் சரக்கு சார், அரசாங்க வேலைக்கு ஒத்துவராது." கட்டற்ற மென்பொருள் என்று வாயெடுத்தாலே, பணியில் இருக்கும் தம்பிகள் இப்படித்தான் மடக்குகிறார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் காசில்லாததற்கு 'கிராத்துய்', தளையில்லாததற்கு 'லீப்ர்' என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' ஒன்றுதான். தமிழில் 'கட்டற்ற' என்று தெளிவாகவே வைத்திருக்கிறோம். இருந்தும் இவர்கள் காதில் 'இலவசம்' என்றுதான் விழுகிறது.

கட்டு என்றால் என்ன என்று சொல்கிறேன். இங்கே வல்லம் வடகாலில் சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த பெரியவர் ஒருவர், பழைய அலுவலகக் கடிதம் ஒன்றைக் குறுந்தகட்டில் வைத்திருந்தார். போன மாதம் என் மகனுடைய கணினியில் போட்டுப் பார்த்தோம். தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாக நண்டு ஊர்ந்தது போல் இருந்தது. அந்தக் காலத்தில் விலை கொடுத்து வாங்கிய தனியார் எழுத்துருவில் தட்டச்சு செய்தது அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்தான். "இதுல என் பேரு எங்க சார் இருக்குது?" என்றார். என்ன சொல்வது?

2010இல் தமிழக அரசு ஒருங்குறிக்கு ஆணை போட்டது. சரி, அதற்கு முந்தைய கோப்புகளை யார் மாற்றித் தருவது?

ஆணைகளுக்குப் பஞ்சமே இல்லை. 2007இல் உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. அரசுத் தரவுகளைக் கணினி படிக்கும் வடிவில் தரவேண்டும் என்கிறது மத்திய அரசின் 2012 கொள்கை. நம் அலுவலகங்களோ அட்டவணையை அச்சடித்து, முத்திரை குத்தி, அதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகின்றன! திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை, தவிர்த்தால் காரணம் காட்டு என்றது 2015 கொள்கை. நானும் எழுத்தராக இருந்தவன்தான். 'முன்னுரிமை' என்ற சொல்லைக் கோப்புக்குள் எப்படிப் புதைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

முடியாத காரியமா இது? பிரான்சின் ஜாந்தார்மெரி காவல்படை 2008 முதல் தன் கணினிகளைப் படிப்படியாக உபுண்டு லினக்ஸுக்கு மாற்றியது. (நம் புதுச்சேரிப் போலீசின் சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனதுதான். தொப்பியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.) துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்குச் சரிப்பட்ட மென்பொருள் தாலுகா அலுவலகத்துக்கு ஒத்துவராதாம்.

டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: ஒப்பந்தம் முடியும் நாளில் மூலநிரலும் தரவும், எவரும் திறக்கக்கூடிய வடிவில், அலுவலகத்தின் கைக்கு வரவேண்டும். எழுத ஆளில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், வரைவு நான் போட்டுத் தருகிறேன்.