"என்னிடம் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு



நம் வயதுக்காரர்கள் வீடுகளில் இப்போது ஒரு புதுப் பொருள் நுழைந்திருக்கிறது. பையனோ மருமகனோ பாரிஸிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கிறார். ராஸ்பெர்ரி பை என்றோ நாஸ் என்றோ அதற்குப் பெயர். "இனிமே மாசா மாசம் யாருக்கும் பணம் கட்ட வேணாம்ப்பா. போட்டோ, பேப்பர் எல்லாம் நம்ம வீட்டு சர்வர்லயே இருக்கும். நான் அங்கேருந்தே பாத்துக்குவேன்" என்கிறார். பத்து நாளில் விமானம் ஏறிவிடுகிறார். அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு என்ன, எந்தக் கதவு தெருப் பக்கம் திறந்திருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதைப் பற்றிக் கேட்டால் நம் ஆட்கள் சொல்லும் பதில் ஒன்றேதான். "நான் ரிட்டயர் ஆன கிழவன். என்னிடம் திருட என்ன இருக்கிறது?" இந்தப் பதிலோடுதான் இன்று எனக்குச் சண்டை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீட்டில் சர்வர் வைப்பதற்கு நான் விரோதி அல்ல. நானும் வைத்திருக்கிறேன். அதில் நெக்ஸ்ட்கிளவுட் ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் படங்களும் குடும்பப் பத்திரங்களும் அதில்தான் இருக்கின்றன. பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழித்தவனுக்கு இது எப்படி வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். ரிக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவனுக்கு இது புது வேலையே அல்ல என்பதுதான் என் பதில். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, யார் எடுத்துப் போனார், நகல் எங்கே. சர்வரும் இந்த நாலு கேள்விதான்.

இப்போது திருட என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஆதார், பான், பட்டா, கிரயப் பத்திரம், பென்ஷன் ஆர்டர், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம். சொல்தா குடும்பமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அனுப்பும் 'செர்த்திஃபிகா த வீ', பிரெஞ்சு பாஸ்போர்ட் நகல், பிள்ளைகளின் எத்தா சிவில் காகிதங்கள். இத்தனையையும் ஸ்கேன் பண்ணி ஒரே இடத்தில் அடுக்கி வைத்துவிட்டு, "என்னிடம் என்ன இருக்கிறது" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

சரி, உங்கள் பெட்டியில் ஒன்றுமே இல்லை, வெறும் பாட்டுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பெட்டி இருக்கிறதே! 2016-இல் மிராய் என்று ஒரு நச்சு நிரல் கிளம்பியது. அது பெரிய மூளைக்காரன் வேலை எதையும் செய்யவில்லை. கடையிலிருந்து வரும்போது சாதனத்தில் இருக்கும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபது சொச்சத்தை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, வீட்டுக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டியது. திறந்ததையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்தப் படை பிரான்ஸின் ஓ.வி.எச். நிறுவனத்தைத் தாக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் முடங்கின. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களும் "என்னிடம் என்ன இருக்கிறது" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"உலகத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்க, முத்தியால்பேட்டையில் இருக்கும் என்னைத் தேடியா வரப்போகிறான்?" என்பது அடுத்த வாதம். யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. இணையத்தின் பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஸீமேப் என்றொரு கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினி, ஒரு ஜிகாபிட் இணைப்பு இருந்தால், பொதுவில் இருக்கும் அத்தனை முகவரியிலும் ஒரு குறிப்பிட்ட கதவு திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்தில் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். நல்லவர்கள் ஆராய்ச்சிக்காகச் செய்தது அது. மற்றவர்களும் அதையேதான் ராப்பகலாகச் செய்கிறார்கள். உங்கள் சர்வரின் 22-ஆம் எண் கதவைத் திறந்துவிட்டு லாக் புத்தகத்தைப் பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர் மாற்றிப் பெயர் மாற்றித் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2021 ஏப்ரலில் கியூநேப் பெட்டி வைத்திருந்த ஏராளமானோரின் கோப்புகளைக் கியூலாக்கர் என்பவர்கள் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு, 0.01 பிட்காயின் கேட்டார்கள். அன்றைய விலையில் 500 டாலருக்கு மேல். அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் பெட்டிகள் வெளியிலிருந்தே துடைக்கப்பட்டன. பலருக்கும் பல வருடப் படங்கள் ஒரே ராத்திரியில் போயின. அந்தப் பெட்டிக்கு 2015-க்குப் பிறகு திருத்தம் எதுவும் வந்திருக்கவில்லை. வேலை செய்கிறதே என்று வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி வீடியோ வாத்தியார்களிடம் வருகிறேன். "பத்தே நிமிடத்தில் உங்கள் சொந்த கிளவுட்" என்று சொல்லித் தருகிறார்கள். ரௌட்டருக்குள் போ, போர்ட் ஃபார்வேர்டிங் போடு, முடிந்தது, லைக் போடு. வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் வைக்காமல் கிரகப்பிரவேசம் நடத்துகிற மேஸ்திரி மாதிரி இது. கேட்டால் "பச்சைப் பூட்டு வருகிறதே சார்" என்பார்கள். அந்தப் பூட்டு, போகிற வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. வாசலில் யார் நிற்கிறார் என்று அது கேட்காது. இன்னொன்றும் இவர்கள் சொல்வதில்லை. அந்தப் பூட்டுக்காகச் சான்றிதழ் வாங்கினால் உங்கள் தளத்தின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் படித்துக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் உண்டு. புதுக் கடை திறந்தது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

நம்மைப் போன்றவர்களுக்கு ஊருக்கெல்லாம் கதவு திறக்க வேண்டிய அவசியமே இல்லை. நாலைந்து பேர் மட்டும் உள்ளே வர வேண்டும். அதற்கு வயர்கார்டு இருக்கிறது. 2020 மார்ச்சில் லினக்ஸின் உள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. சரியான சாவி இல்லாதவன் தட்டினால் அது "யார்" என்றுகூடக் கேட்காது. வெளியில் இருப்பவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. மகன் போனிலும் மகள் லேப்டாப்பிலும் ஒவ்வொரு சாவியைப் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. ரௌட்டரில் கதவே திறக்க முடியாத இணைப்பாக இருந்தால், வயர்கார்டையே உள்ளே வைத்துக்கொண்டு ஓடும் டெயில்ஸ்கேல் இருக்கிறது. இதற்கும் வீடியோவில் பத்து நிமிடம்தான் ஆகும். ஏன் சொல்லித் தருவதில்லை?

இதைவிடப் பெரிய கோபம் எனக்கு வேறொன்றில் இருக்கிறது. சர்வர்களில் பாதி ஓட்டை வைக்கும்போது வருவதில்லை, பழுது பார்க்கும்போதுதான் வருகிறது. ஏதோ ஒன்று திறக்கவில்லை என்றால் உடனே ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கிறார்கள். கோப்பு எழுத மறுத்தால் 777 போடு என்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று அர்த்தம். அப்புறம் அது எப்படியோ வேலை செய்துவிடும். அணைத்ததை மறுபடி போடுவதற்கு யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. டாக்கர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வம்பு உண்டு. யூ.எஃப்.டபிள்யூ. என்ற காவல்காரனை வாசலில் நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். டாக்கர் வெளியிடும் போர்ட் அந்தக் காவல்காரனைக் கேட்காமலேயே பக்கத்துச் சந்து வழியாகத் திறந்துகொள்ளும். வெளியே தெரிய வேண்டாத சேவையை 127.0.0.1 என்ற உள்முகவரியோடு கட்டிப்போட வேண்டும்.

பழுதுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சாரம், வயர், விளக்கு. அடுத்து, வீட்டுக்குள்ளிருந்தே 192.168 என்று தொடங்கும் உள்முகவரியைப் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தால் சர்வரைத் தொடாதீர்கள், கோளாறு வழியில் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறது, வீட்டு வைஃபையில் மட்டும் அதே பெயர் திறக்கவில்லை என்றால், உள்ளிருந்து வெளியே போய்த் திரும்பி வருவதை ரௌட்டர் அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான். வெளியிலிருந்து எப்போதுமே வரவில்லை என்றால் ரௌட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், கம்பெனிக்காரர் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை.

உள்ளேயே திறக்கவில்லை என்றால் டிஸ்க் நிறைந்துவிட்டதா பாருங்கள். இடம் இல்லாமல் போனால் டேட்டாபேஸ் நின்றுவிடும், திரையில் வரும் செய்தியோ வேறு எதையோ சொல்லும். பிறகு தேதியைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் இணையம் கிடைக்காவிட்டால் பழைய தேதியிலேயே எழுந்திருக்கும், சான்றிதழ் செல்லாது என்று அழும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். குறிப்பு எழுதாமல் கோப்பு நகர்த்திய குமாஸ்தாவை நம் காலத்தில் எந்த சூப்பிரண்டு விட்டுவைத்தார்?

நகல் விஷயத்தில் நம் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1776-இல் பிரெஞ்சு அரசர் போட்ட உத்தரவுப்படி, காலனிகளின் எத்தா சிவில் பதிவேடுகளில் ஒரு நகல் கப்பலேறி வெர்சாய் போக வேண்டும். இங்கே இரண்டு, கடல் கடந்து ஒன்று. கறையானும் கடற்காற்றும் இங்கே இருப்பதைத் தின்றாலும் அங்கே இருப்பது பிழைக்கும். இன்றைக்கு எக்ஸான் ப்ரோவான்ஸில் அந்தப் பதிவேடுகள் இருப்பதால்தான் எத்தனையோ குடும்பங்கள் தாத்தா, கொள்ளுத் தாத்தா பெயரைத் தேடி எடுக்க முடிகிறது. மூன்று நகல், இரண்டு விதப் பொருளில், ஒன்று வெளியூரில் என்று கம்ப்யூட்டர்காரர்கள் இப்போது சொல்வது இதைத்தான். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டு "ரெய்டு இருக்கிறது" என்பவர்கள், ஒரே பீரோவில் இரண்டு நகலைப் பூட்டி வைப்பவர்கள். 2014 நவம்பர் மழையில் நம் மேரி கட்டடமே இடிந்து விழுந்ததைப் பார்த்தோம். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் வந்தபோது ரெயின்போ நகரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்த சர்வருக்கு அப்போது என்ன கதி?

"இதற்குத்தான் பெரிய கம்பெனியிடமே விட்டுவிடலாம் என்கிறோம்" என்று சிலர் கிளம்புவார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அங்கே ராத்திரி டியூட்டிக்கு ஆள் இருக்கிறது. ஆனால் 2021 மார்ச் 10-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காதவர்கள் அங்கேயும் இழந்தார்கள். கணக்கை மூடுவதும் கட்டணத்தை ஏற்றுவதும் கம்பெனியின் இஷ்டம். அதனால் எங்கே வைத்தாலும் நகலுக்குப் பொறுப்பு நாம்தான்.

என் முடிவு கொஞ்சம் கறாரானது. மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி அப்டேட் போடவும், லாக் பார்க்கவும், நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்க்கவும் முடியாதவர் வீட்டில் சர்வர் வைக்கக் கூடாது. கம்பெனியிடமே இருக்கட்டும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. வைப்பவருக்கு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகி பாஸ்வேர்டு எந்த உறையில் இருக்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, அப்டேட் தானாகப் போகிறதா, நகல் எந்த ஊரில் இருக்கிறது. இந்த நாலையும் ஒரு பக்கத்தில் எழுதி வீட்டுக்கார அம்மாவிடமும் ஒரு நகல் கொடுங்கள். நாம் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியவர் அவர்தான்.