தடம் பார்க்கிறவனுக்குக் கூலி எங்கே?

‘இத்தன பாடுபட்டுப் படிச்சு, கடைசியில கம்பெனிக்காரன் பெட்டிக்குக் காவல் இருக்கவா போற?’ என்று இயக்கத் தோழர்கள் கேட்கிறார்கள். ‘குரூப் போர் எழுதுலே, ஒரு நிரந்தரம் இருக்கும்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். ‘அனுபவம் கிடைக்குதுல்ல, சம்பளம் எதுக்கு?’ என்று கம்பெனிக்காரன் கேட்கிறான். வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்தவன் கரிசக்காட்டில் உளுந்துக்கும் பாசிக்கும் கூலிக்குப் போய், ஐப்பசி மழை பொய்த்தால் அந்தக் கூலியும் இல்லாமல் கிடந்தவர்கள் நிரந்தரம் கேட்பது குற்றமல்ல. மற்ற இரண்டு பேரையும்தான் இங்கே விசாரிக்கவேண்டியிருக்கிறது.

நான் இன்டர்ன்ஷிப்பில் செய்த வேலையின் பேர் த்ரெட் ஹண்டிங். பேரைக் கேட்டு மிரளவேண்டாம். மக்காச்சோளம் போட்டவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். ராத்திரி பன்னி இறங்கி, வேலியில் கட்டின தகரம் சத்தம் போட்டதும் எழுந்து ஓடுவது ஒரு காவல். கம்ப்யூட்டர் உலகத்தில் அதற்கு அலர்ட் பார்ப்பது என்று பேர். சத்தமே கேட்காத ராத்திரிக்குப் பிறகு, விடியக்காலம் காட்டைச் சுற்றி நடந்து, ஈரமண்ணில் எதன் தடம், எந்தப் பக்கமிருந்து வந்தது, எங்கே படுத்துக் கிடக்கிறது என்று தேடுவது இன்னொரு காவல். த்ரெட் ஹண்டிங் இந்த இரண்டாவது. கள்ளன் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கவேண்டும். ‘வந்திருந்தால் என்ன தடம் விட்டிருப்பான்?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுக்கொண்டு லட்சக்கணக்கான வரி லாக் பதிவுகளுக்குள் இறங்கவேண்டும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒருவர் சரியாக உள்ளே நுழைந்தால் 4624 என்ற எண்ணில் பதிவாகும். கடவுச்சொல் தப்பானால் 4625. ராத்திரி இரண்டு மணிக்கு முந்நூறு 4625 வந்து, பின்னால் ஒரே ஒரு 4624 வந்தால் என்ன அர்த்தம்? பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவிடம் கேட்டேன். ‘சாவி ஒன்னொன்னாப் போட்டுப் பாத்துக் கடைசியில தொறந்துட்டாம்லே’ என்றாள். அவ்வளவுதான் விஷயம். வேர்டு ஃபைலைத் திறந்ததும் அதற்குள்ளிருந்து பவர்ஷெல் கிளம்புகிறதா? கணக்குப் பிரிவுக் கம்ப்யூட்டர் மணி அடித்த மாதிரி ஒவ்வொரு மணிநேரமும் முன்பின் தெரியாத முகவரியோடு பேசுகிறதா? மனுசன் அப்படிக் கணக்காகப் பேசமாட்டான், எந்திரம்தான் பேசும். இதெல்லாம் தடம். இந்தத் தடங்களை வகைபிரித்து மைட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் பெரிய அட்டவணையாகவே போட்டிருக்கிறது. காசில்லாமல் யாரும் படிக்கலாம்.

சரி, இது யாருக்குத் தேவை? எங்களுக்குத் தெற்கே கூடங்குளம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் அந்த அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் டிட்ராக் என்ற உளவு நிரல் இருந்தது. முன்பு அரசு உளவமைப்பில் இருந்த புக்ராஜ் சிங் என்பவர் செப்டம்பர் 3ஆம் தேதி அரசுக்குத் தகவல் கொடுத்திருக்கிறார். மறுநாளே செர்ட்-இன் அணுமின் கழகத்துக்குச் சொல்லிவிட்டது. ஆனால் விஷயம் வெளியே வந்ததும், அக்டோபர் 29ஆம் தேதி நிலையத்திலிருந்து வந்த அறிக்கை, அப்படியொரு தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று சாதித்தது. 30ஆம் தேதி அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: இருந்தது, ஆனால் நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டரில்தான், உலையை இயக்கும் வலையமைப்பு தனி என்று. இடிந்தகரைச் சனங்கள் மீது ஆயிரக்கணக்கில் ராஜதுரோக வழக்குப் போட்ட அரசுதான் இது. கடற்கரையில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்கள் தேசத்துக்கு ஆபத்தானவர்கள்! உள்ளே ஃபைல்களைத் துழாவிக்கொண்டிருந்தவன் வெளியாள் சொல்லித்தான் தெரிந்தான்.

அதன் பிறகு 2022 ஏப்ரல் 28இல் செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. ஊடுருவல் தெரிந்த 6 மணிநேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், 180 நாள் லாக் பதிவுகளைச் சேர்த்து வைக்கவேண்டும் என்று. சேர்த்து வைத்தால் போதுமா? யாராவது படிக்கவேண்டாமா? படிக்க ஆள் வேண்டும். வேலை அங்கே இருக்கிறது.

‘அப்ப முதலாளிக்கும் அரசுக்கும் காவல்தானே’ என்று தோழர் மறுபடியும் கேட்பார். அவருக்கு ஸ்டேன் சுவாமியை ஞாபகப்படுத்துகிறேன். திருச்சி மாவட்டத்தில் பிறந்த தமிழர். ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8இல் ராஞ்சியில் பிடித்துக்கொண்டு போனார்கள். கை நடுங்குகிறது, உறிஞ்சிக் குடிக்க ஒரு குவளை கொடுங்கள் என்று கேட்டதற்கே வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 2021 ஜூலை 5இல், 84 வயதில், காவலில் இருக்கும்போதே செத்துப்போனார். அவர் செத்து ஒன்றரை வருஷம் கழித்து, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் அர்செனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் அவருடைய கம்ப்யூட்டரின் பிரதியை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2014 அக்டோபரிலிருந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒருவன் இருந்திருக்கிறான். நாற்பதுக்கு மேற்பட்ட ஆவணங்களை அவனே கொண்டுவந்து வைத்திருக்கிறான். 2019 ஜூன் 12இல் போலீஸ் வந்து கம்ப்யூட்டரைப் பறிமுதல் செய்கிறது. அதற்கு முந்தின நாள், 11ஆம் தேதி, தன் தடத்தை அழிக்கப் பார்த்திருக்கிறான். நாளைக்குப் போலீஸ் வருகிறது என்று கள்ளனுக்கு எப்படித் தெரிந்தது?

ரோனா வில்சன் லேப்டாப்பிலும், நாக்பூர் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான் என்று அதே நிறுவனத்தின் 2021 அறிக்கைகள் சொல்கின்றன. என்.ஐ.ஏ. இதை ஏற்கவில்லை, அது அப்படித்தான் சொல்லும். 2022இல் சென்டினல் ஒன் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த ஊடுருவல் கூட்டத்தின் தடத்தைப் பின்தொடர்ந்து போனார்கள். குறைந்தது 2012 முதல் இயங்கியிருக்கிறது என்று பிப்ரவரியில் எழுதினார்கள். புனே போலீசோடு தொடர்பு தெரிகிறது என்று ஜூனில் சொன்னார்கள். அண்ணல் அம்பேத்கரின் பேத்தியை மணந்த ஆனந்த் டெல்டும்டேவை அண்ணல் பிறந்தநாளான ஏப்ரல் 14இல்தானே, 2020இல், உள்ளே வைத்தார்கள்? இரண்டரை வருஷம் கழித்துத்தான் ஜாமீனில் வந்தார்.

தோழர்களே, இந்தத் தடத்தையெல்லாம் பார்த்தது யார்? அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற நிபுணர்கள். நம் மேல் வைக்கப்பட்ட பொய்யைப் படிக்க நம்மிடம் ஒரு ஆள் இல்லை.

எங்கள் ஒட்டப்பிடாரம் தாலுகாவில் கொடியங்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 மறந்துபோகவில்லை. பட்டப்பகலில் நூற்றுக்கணக்கான போலீஸ் இறங்கி டி.வி.யை உடைத்தது, ஃபேனை உடைத்தது, தானியத்தைக் கொட்டியது. அதோடு விட்டதா? பெட்டியைத் திறந்து படிப்புச் சான்றிதழ்களையும் வெளிநாடு போக வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் தேடிப்பிடித்து நாசமாக்கியது. படித்த காகிதம்தான் சேரியைத் தலைநிமிர்த்தும் என்று அதிகாரத்துக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு நம்மிடம் இருந்த காகிதத்தை அழித்தார்கள். இப்போது நம்மிடம் இல்லாத காகிதத்தைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். முன்னதற்குச் சாட்சி சொல்ல ஊரே இருந்தது. பின்னதற்குச் சாட்சி லாக் பதிவு மட்டுமே. அதைப் படிக்கத் தெரிந்தவனை ‘கம்பெனி வாட்ச்மேன்’ என்று நக்கலடிப்பது என்ன அரசியல்?

அச்சு எந்திரம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நம் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். காவல் என்பதும் நம் சீமையில் வெறும் வேலையாக இருந்ததில்லை. பாளையக்காரர் காலத்தில் காவல் உரிமை யார் கையில் இருந்ததோ அவன் ஊரிடம் கூலி தண்டினான், கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போனது. காவலைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் களவின் ரகசியமும் தெரியும். அந்த இடத்தில் நாம் இருக்கக்கூடாதா?

இனி கம்பெனிக்காரன்.

ஆறு மாத இன்டர்ன்ஷிப். முதல் மூன்று மாதம் ஒத்தப் பைசா கிடையாது. வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்த அறையில் என் பங்கு 5,500 ரூபாய், சாப்பாடு தனி. அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி அனுப்பினாள். மிளகாய்ப் பழம் பறிக்கிற கூலியில் அந்தத் தவணை போனது. ஆக, அந்தக் கம்பெனியின் பாதுகாப்புச் செலவில் ஒரு பங்கை பசுவந்தனைச் சேரியில் ஒரு பொம்பள கட்டியிருக்கிறாள்! பக்கத்து நாற்காலிப் பையனுக்குச் சொந்த வீடு சென்னையில், சித்தப்பா இன்னொரு கம்பெனியில் மேனேஜர். அவனுக்கு இலவச வேலை ஒரு விளையாட்டு. எங்கள் பக்கத் தீப்பெட்டி ஆபீசில்கூட, சின்னப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கின கொடுமையான காலத்திலும், எண்ணிக்கைக்கு ஏத்த கூலி என்று ஏதோ கொஞ்சம் கொடுத்தான். கண்ணாடிக் கட்டடத்துக்காரன் சான்றிதழ் கொடுக்கிறான். மூன்றாவது வாரம் நான் கண்டுபிடித்த ஒரு ஊடுருவல், மேலே போன அறிக்கையில் இன்னொருவர் பேரில் போனது. ‘டீம் ஒர்க்’ என்றார்கள்.

சேரும்போது நேர்முகத்தில் ஒரு கேள்வி வந்தது. ‘நேட்டிவ் எது?’ கோவில்பட்டிப் பக்கம். ‘பக்கம்னா?’ பசுவந்தனை. ‘பசுவந்தனையில எந்தத் தெரு?’ லாக் படிக்கிற வேலைக்குத் தெரு எதற்கு? அன்றைக்கு அந்த அறையில் இருந்த தேர்ந்த ஹண்டர் அவர்தான். தடம் பார்த்துக்கொண்டே நேரே தெருவுக்கு வந்துவிட்டார்.

2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தகுதி, வேறு வேறு பேர் போட்டுத் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பேருக்கும் முஸ்லிம் பேருக்கும் நேர்முகத்துக்குக் கூப்பிடுவது குறைந்தது. நமக்குப் பேருக்குப் பின்னால் சாதி இல்லை, இனிஷியல்தான் என்று தமிழ்நாட்டில் பெருமையடிக்கிறோம். அதனால்தான் இங்கே தெருவைக் கேட்கிறான். கடல் தாண்டினால் போய்விடுமா? சாதிப் பாகுபாடு காட்டியதாக கலிபோர்னியா அரசு 2020 ஜூனில் சிஸ்கோ கம்பெனி மேல் வழக்குத் தொடுத்தது. கம்பெனி மறுத்தது. இரண்டு அதிகாரிகள் மேல் இருந்த வழக்கை 2023இல் அரசே விலக்கிக்கொண்டது. நெட்வொர்க் கட்டுகிற கம்பெனியிலேயே இந்தப் பஞ்சாயத்து!

மாணவர்கள் கவனிக்கவேண்டிய சூழ்ச்சி ஒன்று உண்டு. 1961ஆம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டத்தில், அப்ரன்டிசுக்கு உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும். 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்றன. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரன்டிஸ் எடுக்கவேண்டும் என்றன. சட்டத்தின் 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்களில் பட்டியல் சாதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. தனியார் கம்பெனி வாசலுக்குள் இடஒதுக்கீடு எட்டிப் பார்க்கிற சின்ன ஜன்னல் அது. ஆளை அப்ரன்டிஸ் என்று கூப்பிடாமல் இன்டர்ன் என்று கூப்பிட்டுவிட்டால்? உதவித்தொகையும் போச்சு, 3ஏயும் போச்சு. ஒரு சொல்லை மாற்றி ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். 2024 அக்டோபரில் மத்திய அரசு முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் அப்போது மாதம் 5,000 ரூபாய். அதிலும் 4,500 அரசுடையது, கம்பெனி போட்டது 500! நாட்டின் முதல் ஐந்நூறு கம்பெனிகளுக்கு ஐந்நூறு ரூபாய் கஷ்டம்.

இதைவிட மோசம், காசு வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் கொடுக்கிற கடைகள். ‘நூறு சதம் வேலை உறுதி’ என்று போஸ்டர் ஒட்டியிருப்பான். அந்தப் பக்கமே போகாதீர்கள். வேலை செய்கிறவனே காசு கொடுத்து வேலை செய்வது எந்த ஊர் நியாயம்?

வேறு எப்படி ஆரம்பிப்பது என்றால், 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்மான் இலவசம். அதைப் போட்டு உங்கள் கம்ப்யூட்டரையே ஒரு மாதம் படியுங்கள். எது வழக்கம் என்று தெரியாதவனுக்கு எது வழக்கத்துக்கு மாறு என்று தெரியாது. பிறகு ஸ்பிளங்க் நிறுவனம் போட்டிக்காகத் தயாரித்து வெளியிட்ட தாக்குதல் பதிவுகளை இறக்கிக்கொண்டு தடம் தேடுங்கள். என்ன கேள்வியோடு போனேன், எங்கே பார்த்தேன், என்ன கிடைத்தது என்று எழுதிவையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். நேர்முகத்தில் சான்றிதழ்களைவிட அந்த நோட்டு பேசும். அடுத்தவன் கம்ப்யூட்டரை மட்டும் விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆவது பிரிவில் மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் பையன் மேல் கேஸ் எழுதக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதை நாமே எடுத்துக் கொடுக்கவேண்டாம்.

இயக்கத்திடம் கேட்பது இரண்டு. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பைக் கூலிப் பிரச்சினையாக எடுத்துப் போராடுங்கள். 3ஏ பிரிவை வைத்துக் கேளுங்கள், தாட்கோ வாசலிலும் கேளுங்கள். அதுவரை, போகிற பிள்ளைக்கு மூன்று மாத வாடகைக்கு ஒரு நிதி திரட்டுங்கள். மாநாட்டு ஃபிளெக்ஸ் செலவில் பாதி போதும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் பக்கத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தால் சொல்லிக்கொடுக்க நான் தயார். முதல் பாடத்துக்கு நம் இயக்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்வோம். அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியும். மாவட்டத்தில் பாதிப் பேருக்கும் தெரியும்.