ஏக்கர் கணக்கும் இணைப்பின் உறுதியும்

செங்கல்பட்டு அருகே 330 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கும் எச்.எல்.எல். லைஃப்கேர் நிறுவனத்தின் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. ஏழு ஆண்டுகளில் அது கட்டம் கட்டமாக வளரும் என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தக் கெடு கடந்துவிட்டது. இதற்கிடையே 2021-இல் மத்திய அரசின் வேறொரு திட்டத்தின்கீழ் தமிழகமும் தேர்வாகி, அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தின் ஒரகடத்தில் 350 ஏக்கரில் மற்றொரு பூங்காவுக்கு வழி பிறந்தது. மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 விழுக்காடு வரை இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில் இவற்றை வரவேற்காதார் யார்?

ஆனால், நமது விவாதம் நிலம், மூலதனம், மானியம் என்பவற்றைத் தாண்டிச் செல்வதில்லை. உடலுக்குள் பொருத்தும் கருவிகளைப் பொருத்தவரை உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. கருவியின் இரு பாதிகள் ஒன்றுசேரும், ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத இணைப்புக் கோட்டில் அது இருக்கிறது.

சிறிய பிளாஸ்டிக் பாகங்களை இணைக்க உலகெங்கும் கையாளப்படும் வழிகளுள் ஒன்று மீயொலிப் பற்றவைப்பு. ஆலைகளில் அல்ட்ராசானிக் வெல்டிங் என்பார்கள். நொடிக்கு 20,000 முதல் 40,000 முறை அதிரும் உலோக முனையொன்று பாகங்களின் மீது அழுத்தப்படுகிறது. ‘ஹார்ன்’ என்பது அம்முனையின் பெயர். பாகங்கள் தொடும் இடத்தில் வரப்புப்போல ஒரு மெல்லிய விளிம்பு முன்கூட்டியே வார்க்கப்பட்டிருக்கும். அதிர்வின் ஆற்றல் அங்கே குவிய, அவ்விளிம்பு உருகிப் பரவி, அழுத்தம் நீங்குவதற்குள் உறைந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு நொடிக்குள் வேலை முடிந்துவிடும். பசையோ கரைப்பானோ திருகாணியோ தேவையில்லை. எனவே, உடலுக்குள் கசியக்கூடிய அயல் பொருள் எதுவும் சேர்வதில்லை. எல்லாக் கருவிகளுக்கும் இது ஏற்றதன்று. பேஸ்மேக்கரின் டைட்டானியம் உறை லேசரால் மூடப்படுகிறது.

இந்தத் தொழில்நுட்பம் செங்கல்பட்டு வட்டாரத்துக்கு அந்நியமானதும் அன்று. மறைமலை நகரைச் சுற்றி வளர்ந்த வாகன உதிரிபாகத் தொழிலில் விளக்கு உறை, கம்பி இணைப்பு போன்றவற்றுக்கு உலகெங்கும் பயன்படும் முறைதான் இது. எனவே எந்திரம் வாங்குவதும் இயக்கப் பழகுவதும் பெரிய காரியமல்ல. அந்த இணைப்பு உறுதியானது என்று நிரூபிப்பதே பெரிய காரியம். இணைப்பின் வலிமையைத் திட்டமாக அறிய அதை உடைத்துப் பார்க்க வேண்டும். உடைத்துப் பார்த்ததை நோயாளிக்குப் பொருத்த முடியாது. வார்ப்பில் ஏற்படும் நுண்ணிய மாற்றம், பிளாஸ்டிக் உறிஞ்சிய ஈரம், ஹார்ன் முனையின் தேய்மானம் ஆகிய ஒவ்வொன்றும் இணைப்பைப் பலவீனப்படுத்தலாம், கண்ணுக்குத் தெரியாது. மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய பகுதியில் காற்றின் ஈரம் சிறிய விஷயமன்று. ஆகவேதான் ஐ.எஸ்.ஓ. 13485 தரநெறி, இத்தகைய செய்முறைகளை முன்கூட்டியே சோதித்து, எந்த வரம்புகளுக்குள் அவை நம்பத்தக்கவை என்று ஆவணப்படுத்தக் கோருகிறது. 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ள நமது மருத்துவக் கருவி விதிகளும் அந்த வழியையே பின்பற்றுகின்றன.

இது வெறும் காகிதச் சடங்கு என்று கருதுவோர் பியோர்க்-ஷைலி இதய வால்வின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அதன் ஒரு வகையில், வில்லையைத் தாங்கும் உலோகக் கம்பி வளையத்துடன் பற்றவைக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானோருக்கு அந்தப் பற்றவைப்பு முறிந்தது. அவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். 1986-இல் அந்த வால்வு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அது உலோகப் பற்றவைப்பு, மீயொலி முறை அன்று. ஆனால் பாடம் ஒன்றே. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம், மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்திய வால்வை உருவாக்கியபோது, அதன் முதல் வடிவமும் பற்றவைப்பால் நொறுங்கும் தன்மை பெற்ற கம்பியால்தான் தோற்றது. இறுதி வடிவில் சட்டகத்தை ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தனர். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அந்த வால்வு, பின்னர் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பயன்பட்டது. பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு செலவிட ஒரு பொது நிறுவனம் இருந்ததால் இது முடிந்தது. சிறு தொழில்முனைவோர் எவருக்கும் அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

பொருளாதாரக் கேள்வி இங்கேதான் எழுகிறது. சோதனைச் செலவு உற்பத்தியின் அளவைப் பார்ப்பதில்லை. ஆயிரம் கருவி செய்பவருக்கும் பத்து லட்சம் செய்பவருக்கும் அது ஏறக்குறைய ஒன்றே. பெரிய நிறுவனம் தாங்கும். சிறியது ஒதுங்கும், அல்லது குறுக்குவழி தேடும். எனவே பொதுச் சோதனைக்கூடமே பூங்காவின் முதல் கட்டடமாக எழ வேண்டும். மனைப்பிரிவு பிறகு வரலாம். விசாகப்பட்டினத்தின் ஆந்திர மெட்டெக் மண்டலம், மின்காந்தச் சோதனை முதல் காமாக் கதிர்வழிக் கிருமிநீக்கம் வரை பொது வசதிகளை முன்னிறுத்தியே தொழில்களை ஈர்த்தது. நமக்கோ இன்னொரு வாய்ப்பும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பொருளைச் சிதைக்காமல் மீயொலியால் உட்குறை காண்பதில் நீண்ட அனுபவம் பெற்றது. அணு உலைக்குப் பழகிய அறிவு மருத்துவக் கருவிக்கு அப்படியே பொருந்திவிடாது என்பது உண்மைதான். ஆயினும் கடற்கரைச் சாலையின் ஒரு முனையில் இருக்கும் அறிவும், சில மைல் தள்ளி இருக்கும் தேவையும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது நிர்வாகக் குறைபாடே.

கட்டடமும் எந்திரமும் இருந்தால் உற்பத்தி தானே வந்துவிடும் என்ற நம்பிக்கைக்குச் செங்கல்பட்டிலேயே மறுப்பு இருக்கிறது. திருமணியில் ரூ.594 கோடி மதிப்பீட்டில் திட்டமிடப்பட்ட தடுப்பூசி வளாகம், கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில் உற்பத்தியின்றிக் கிடந்தது. முதல்வர் மு.க. ஸ்டாலின் நேரில் பார்வையிட்டு, அதை இயக்கும் பொறுப்பை மாநிலத்துக்குத் தருமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அதிகம் பேசப்படாத மற்றொன்று தொழிலாளர் நிலை. ஹார்ன் முனையின் ஓசை சற்றே மாறியதைக் கேட்டு, வரிசையை நிறுத்தச் சொல்பவர் அந்த மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்தவராக இருக்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்து செல்லும் பெண்ணிடம் அந்தத் துணிவை எதிர்பார்ப்பது நியாயமன்று. நிறுத்தினால் உற்பத்தி இலக்கு குறையும். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். பூங்காவில் மனை பெறும் நிறுவனங்கள் இணைப்பு, ஆய்வுப் பணிகளில் நிரந்தரப் பணியாளர்களையே அமர்த்த வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய பெட்ரோகெமிக்கல்ஸ் பொறியியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் இதற்கெனச் சான்றிதழ்ப் பயிற்சியையும் தொடங்கலாம்.

விலையும் இதில் சேரும். 2017-இல் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விதித்தது ஏழைகளுக்குப் பெரும் ஆறுதல்; அதைத் தளர்த்தக் கூடாது. ஆனால் மாநில மருத்துவப் பணிகள் கழகம் கருவிகளைக் கொள்முதல் செய்யும்போது, மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை மட்டும் பார்த்தால், சோதனைக்குச் செலவிட்டவர் தோற்பார். செய்முறைச் சான்றாவணங்களை முதலில் திறந்து பார்த்து, அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரிக்கட்டும். மதுரையில் 1992 முதல் கண் லென்ஸ் தயாரிக்கும் அரோலேப், மலிவும் தரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைக் காட்டியிருக்கிறது.